துக்கம் கேட்கப் போகிறவர் கொண்டுபோக வேண்டியது

வயதானவர் இறந்தால் துக்கம் கேட்பது சுலபம் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. பேரன் பேத்தி எடுத்தவர், நெய்ப்பந்தம் பிடிக்க ஆள் இருக்கிறது, கல்யாணச் சாவு. போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்து, "வயசாயிருச்சுல்ல" என்று சொல்லிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தால் கடமை முடிந்தது.

எங்கள் பெரியப்பா காலமானபோது நான் மறுபக்கத்தில் நின்றேன். எங்கள் ஊர்ப்பக்கம் கேதம் கேட்க வருகிறவர்கள் கையை நீட்டுவார்கள். வாசலில் வரிசையாக நிற்கும் வீட்டு ஆண்கள் அதைத் தொட்டு வாங்குவார்கள். அந்த வரிசையில் நின்றால்தான் எந்தப் பேச்சு காதோடு போகிறது, எது நெஞ்சுக்குள் இறங்குகிறது என்பது தெரியும். அங்கே நின்று கற்றதையும், பெரியப்பாவிடமே கற்றதையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

பெரியப்பா கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் கிராமங்களில் தபால்காரராக இருந்தவர். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பின்கோடு கிடையாது. அது 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. பெயரையும் தெருவையும் வைத்தே ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். பம்பாய்க்குப் பிழைக்கப் போனவர்களின் கடிதம், பட்டாளத்துக்காரர்களின் மணியார்டர், முதியோர் உதவித்தொகை எல்லாம் அவருடைய சைக்கிளில்தான் வரும். தந்தியும் வரும். அந்தக் காலத்துக் கிராமத்தில் தந்தி என்றாலே சாவுச் செய்திதான். "தந்தி" என்ற சொல் காதில் விழுந்த உடனே, பிரிக்கும் முன்பே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். 2013 ஜூலையில் அரசு தந்திச் சேவையை நிறுத்திய செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, "நல்லது. இனி ஒரு காக்கிச் சட்டையைப் பார்த்து யாரும் அழ வேண்டாம்" என்றார்.

தனியாக இருப்பவரைத் தேடுங்கள்

சாவுத் தந்தி வந்தால் பெரியப்பா நேராக அந்த வீட்டுக்குப் போக மாட்டார். முதலில் பக்கத்து வீட்டில் விவரம் தெரிந்த ஒருவரைப் பார்ப்பார். விஷயத்தைச் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டுதான் படியேறுவார். "சேதி சொல்லப் போறவன், அங்க யாரு தனியா இருக்காங்கன்னு முதல்ல பார்க்கணும்ல" என்பார். துக்கம் கேட்கப் போகிறவருக்கும் இதுதான் முதல் பாடம்.

இறந்தவரின் மனைவியைச் சுற்றிப் பெண்கள் இருப்பார்கள். மூத்த மகனைச் சுற்றி ஆண்கள் நிற்பார்கள். கவனிக்கப்படாதவர் வேறு எங்கோ இருப்பார். பெரியப்பா வீட்டில் அது அவருடைய சேக்காளி. ஓய்வு பெற்ற நாளிலிருந்து தினமும் சாயங்காலம் திண்ணையில் அவரோடு உட்கார்ந்து பேப்பர் படித்தவர். உறவு முறை இல்லாததால் கை வாங்கும் வரிசையில் அவருக்கு இடமில்லை. எதிர்வீட்டுப் படியில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களில் ஒரே ஒருவர்தான் அவரிடம் போய்க் கையை நீட்டினார். பெரியவர் அதுவரை அழவில்லை; அப்போது அழுதார்.

கடைசிக் காலத்தில் கூடவே இருந்து கழுவிவிட்ட மருமகள், ஆஸ்பத்திரிக்கு அலைந்த பேரன், வேறு ஊரிலிருந்து வந்து கூட்டத்தில் நிற்கும் தம்பி, வீட்டு வேலைக்கு வருகிற அம்மா என்று இப்படி ஒருவர் எல்லாச் சாவு வீட்டிலும் உண்டு. வாசலில் கை கொடுத்து முடித்ததும் ஒரு நிமிடம் அவரைத் தேடிப் போங்கள்.

வயதைச் சொல்லாதீர்கள், வாழ்ந்ததைச் சொல்லுங்கள்

"நல்ல சாவு. கெடையில கெடக்காமப் போயிட்டாரு." இதை அன்று எத்தனை பேர் சொன்னார்கள் என்று கணக்கில்லை. சொன்னவர்கள் எல்லாரும் நல்லவர்கள்; ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தச் சொல் வீட்டாருடைய வாயிலிருந்து வர வேண்டும். மகள் தானாக, "அப்பா கஷ்டப்படாமப் போயிட்டாங்க" என்றால், "ஆமாம்மா" என்று சொல்லலாம். வெளியாள் முந்திக்கொண்டு சொன்னால், 'இதற்கு இவ்வளவு அழ வேண்டுமா' என்று கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. எண்பது வயதானாலும் அப்பா அப்பாதான்.

எது உள்ளே இறங்கியது என்று சொல்கிறேன். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி பஸ் பிடித்து வந்திருந்தார். எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. அவருடைய வீட்டுக்காரர் பம்பாயில் வேலை பார்த்தவர். பாட்டிக்கு எழுத்து வராது. கடிதத்தைப் பெரியப்பாதான் வாசித்துக் காட்டுவாராம். அதுவும் தெருவில் நின்று வாசிக்க மாட்டாராம், உள்ளே வந்து உட்கார்ந்து மெதுவாக வாசிப்பாராம். "எங்க வீட்டு ரகசியம் அம்புட்டும் உங்க பெரியப்பாவுக்குத் தெரியும் தம்பி. அதுல ஒண்ணுகூட வெளிய வந்ததில்ல" என்றார். பெரியப்பாவோடு அத்தனை வருடம் இருந்த எங்களுக்கு இது தெரியாது. அவர் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

இன்னொருவர், ஓய்வு பெற்ற அரசு ஊழியர். அவருக்கு வேலைக்கான நேர்முகக் கடிதம் வந்த அன்று, பெரியப்பா அதை வீட்டில் கொடுத்துவிட்டுப் போகவில்லையாம். ஆள் காட்டில் பருத்தி எடுக்கிறார் என்று கேட்டு, வரப்பில் சைக்கிளைச் சாத்திவிட்டு நடந்து வந்து கையிலேயே கொடுத்தாராம். "தேதியைப் பாருங்க, இன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறணும்" என்றாராம்.

'ரொம்ப நல்ல மனுஷன்' என்ற சொல் எல்லாருக்கும் பொருந்தும். அதனால் யாருக்கும் ஒட்டாது. வரப்பில் நடந்து வந்தது அவருக்கு மட்டும்தான் பொருந்தும். துக்க வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸிலோ வண்டியிலோ ஐந்து நிமிடம் யோசித்து, அவர் உங்களுக்கோ உங்கள் கண்முன்னாலோ செய்த ஒரு காரியத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். போனதும் இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். வீட்டாருக்குத் தெரியாத ஒரு துண்டு வாழ்க்கை உங்களிடம் இருந்தால், அதைவிடப் பெரிய மாலை கிடையாது.

அவரை நேரில் தெரியாது, மகனோடு வேலை பார்ப்பதால் வந்திருக்கிறீர்கள் என்றால் கதை எதையும் தேட வேண்டாம். சும்மா பக்கத்தில் உட்காருங்கள். நேரம் வாய்த்தால், "அப்பா என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேளுங்கள். பேசத் தோன்றினால் அவர்களே பேசுவார்கள்.

கேட்கக் கூடாத கேள்விகள்

"எந்த ஆஸ்பத்திரியில காட்டினீங்க? முன்னாலேயே மதுரைக்குக் கொண்டு போயிருக்கலாமே?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் பெரியப்பா மகன் களைத்துப் போனான். வைத்தியத்தில் விட்டுப்போனது என்ன என்று வீட்டார் மனதுக்குள் ஏற்கெனவே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்களும் அதில் ஒரு வரி சேர்க்க வேண்டாம். கடைசி நிமிடம் எப்படி இருந்தது என்று வருகிற ஒவ்வொருவரும் கேட்டால், அவர்கள் அதே நிமிடத்தை அன்று முழுக்கத் திரும்பத் திரும்ப வாழ வேண்டியிருக்கிறது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரு உறவினரைத் தனியே கேளுங்கள்.

வீடு யார் பெயரில் இருக்கிறது, பெரியம்மா இனி யாரோடு இருப்பார் என்பவையும் அன்றைய கேள்விகள் அல்ல. "அழாதீங்க" என்பதும் வேண்டாம். அழுவதற்கென்று ஒப்பாரியையே வைத்திருந்த ஊர் இது.

ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று எல்லாரும் சொல்வார்கள். சாவு வீட்டில் யாராலும் யோசித்து வேலை சொல்ல முடியாது. நீங்களே பார்த்து ஒன்றைச் செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் உண்மையாகவே உதவியவை இவை.

பக்கத்து வீட்டு ஆசிரியர் முதலில் கேட்டது கண் தானத்தைப் பற்றி. "கண்புரை ஆபரேஷன் செஞ்சவர், சர்க்கரை வேற, எடுக்க மாட்டாங்க" என்று யாரோ சொன்னார்கள். அது தவறு. வயது தடையில்லை, கண்ணாடி போட்டவர், புரை நீக்கியவர், சர்க்கரை நோயாளி எல்லாரும் தரலாம். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கண் வங்கி ஆட்கள் வரும்வரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலைக்கு உயரமாகத் தலையணை கொடுத்தால் போதும். அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்பதால், மாலைக் கூட்டம் சேரும் முன்பே இதை மெதுவாகக் கேட்டுவிட வேண்டும்.

அரசு மருத்துவமனையில் இறந்தால், உடலை வீட்டுக்குக் கொண்டுவரத் தமிழ்நாட்டில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, எண் 155377. தனியார் வண்டிக்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்கும் பல குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை.

இன்னொரு உறவுக்காரப் பெண் செய்தது சின்ன வேலை. பெரியம்மாவின் பிரஷர் மாத்திரையைத் தேடியெடுத்து, இரண்டு இட்லியைச் சாப்பிட வைத்து, மாத்திரையைக் கொடுத்தார். உடலை எடுக்கும்வரை அடுப்பு எரியாத வீட்டில் வயதானவர்கள் வெறும் வயிற்றோடு மயங்கிவிழுவது சாதாரணமாக நடக்கிறது. காபி, தண்ணீர், சாப்பாடு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வருவது இதற்காகத்தான். நகரத்து அடுக்குமாடி வீடுகளிலும் அந்த வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

எப்போது எடுக்கிறார்கள், வெளியூரிலிருந்து யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று வருகிற போன்களுக்கெல்லாம் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். வீட்டார் சொல்லும் முன் வாட்ஸப்பில் செய்தியைப் போட்டுவிட வேண்டாம். சம்பந்தி வீட்டுக்கும், கோடி கொண்டுவர வேண்டிய பெரியம்மாவின் பிறந்த வீட்டுக்கும் முறைப்படி சொல்லும் முன்பே ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டால், அந்த வருத்தம் பல வருடம் நிற்கும்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பவர்கள் பெயரையும் இனிஷியலையும் ஒருமுறை வீட்டாரிடம் காட்டிவிடுங்கள். பெரிய பெரிய அடைமொழிகளைவிட, 'ஓய்வு பெற்ற தபால்காரர்' என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் பல ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை

போகிற வீட்டின் வழக்கத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மரியாதை. முஸ்லிம் வீட்டில் அடக்கத்தைத் தாமதிக்க மாட்டார்கள். நாளைக்குப் போகலாம் என்று இருந்தால் முகம் பார்க்க முடியாது. மனைவி இத்தா என்னும் துக்கக் காலம் காக்கும் 4 மாதம் 10 நாள்களில், அவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று வெளி ஆண்கள் வற்புறுத்தக் கூடாது. கிறிஸ்தவர் வீட்டில் ஜெபம் நடக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு நிற்க வேண்டும். இந்துக்களிலும் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி முறை மாறும். சில வீடுகளில் இரண்டாம் நாள் பால் தெளிப்பார்கள், சில வீடுகளில் மூன்றாம் நாள். "எங்க ஊர்ல இப்படித்தான் செய்வோம்" என்று சாவு வீட்டில் சட்டம் பேசுகிறவர் எந்த உதவியும் செய்வதில்லை.

பெரியம்மாவின் பூவையும் பொட்டையும் பற்றிப் பதினாறாம் நாளுக்கு முன்னால் ஒரு பேச்சு வந்தது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு அத்தைதான், "நாம ஏன் பேசிக்கிட்டு இருக்கோம், மதினிகிட்ட கேப்போம்" என்றார். பெரியம்மா, "பொட்டு வச்சுக்கிறேன், பூ வேண்டாம்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. துக்கத்தில் இருப்பவரைக் குழந்தையாக்கிவிட்டு அவருக்காக நாம் முடிவெடுக்கக் கூடாது.

வர முடியாதவர்கள்

வெளிநாட்டில் இருக்கும் பேரன் எடுப்பதற்குள் வந்துசேர முடியவில்லை. வீடியோவில் பார்த்தான். பிறகு தாத்தாவைப் பற்றிக் கையால் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினான். எல்லா வாழ்த்தையும் அஞ்சலியையும் போனிலேயே முடித்துக்கொள்ளும் காலத்தில், ஒரு தபால்காரர் வீட்டுக்கு வந்த அந்தக் கடிதத்தைப் பெரியம்மா பலமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

நேரில் போக முடியாவிட்டால் கைகூப்பும் பொம்மைகளையும் 'ஆழ்ந்த இரங்கல்' என்ற தயார்ச் சொல்லையும் மட்டும் அனுப்பி நிறுத்திக்கொள்ளாதீர்கள். நான்கு வரி எழுதுங்கள்: அவரை எப்படித் தெரியும், அவர் செய்த ஒன்று, அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று, நீங்கள் எப்போது வருவீர்கள். பதில் எதிர்பார்க்கவில்லை என்றும் சொல்லிவிடுங்கள். அவர்கள் ஆறின பிறகு படித்துக்கொள்வார்கள்.

எங்கள் பக்கம் கேத வீட்டிலும் செய்முறை நோட்டு எழுதுவார்கள். யார் கோடி போட்டார்கள், யார் எவ்வளவு செய்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த நோட்டின் பின்பக்கத்தில், வந்தவர்கள் சொன்னவற்றை என் தங்கை ஊர்ப் பெயரோடு குறித்து வைத்தாள். பம்பாய்க் கடிதமும் பருத்திக் காடும் அதில்தான் இருக்கின்றன. செய்முறை திருப்பிச் செய்தால் தீர்ந்துவிடும். பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சுவது அந்தப் பின்பக்கம்தான். துக்க வீட்டார் யாராவது ஒருவரை இதற்கென்று வைத்துக்கொள்ளலாம்.

பதினாறுக்குப் பிறகு

பந்தலைப் பிரித்து, நாற்காலிகள் வண்டியேறி, வெளியூர்க்காரர்கள் கிளம்பிய பிறகுதான் வீட்டாருக்கு இழப்பு தெரியத் தொடங்குகிறது. கூடவே காகித வேலையும் வருகிறது. அப்போது போய் உதவுகிறவர் மறக்கப்பட மாட்டார்.

இறப்பை 21 நாள்களுக்குள் பதிவுசெய்தால் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், அனுமதி என்று அலைச்சல். ஒரு வருடம் கடந்தால் நிர்வாக நடுவரின் உத்தரவு வரை போகும். கிராம ஊராட்சியில் கிராம நிர்வாக அலுவலரிடம் பதியலாம். வீட்டிலேயே இறந்திருந்தால், வைத்தியம் பார்த்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணத்தை எழுதி வாங்கி வைக்க வேண்டும். பதியும்போதே பெயர், தந்தை பெயர், இனிஷியல் எல்லாம் ஆதாரிலும் ஓய்வூதியப் புத்தகத்திலும் உள்ளபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் வங்கியில் நிற்க வைப்பார்கள்.

ஓய்வூதியம் வாங்கியவர் என்றால் வங்கிக்கோ அஞ்சலகத்துக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். இறப்புக்குப் பிந்திய காலத்துக்கு விழும் பணத்தை எடுத்துச் செலவழித்தால் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்கலாம். இறந்தவருடைய கைப்பேசி எண்ணை அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். வங்கியிலிருந்து ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். அதிலிருக்கும் படங்களையும் அவர் குரல் உள்ள பதிவுகளையும் வேறு இடத்தில் சேமித்துக்கொடுத்தால் பெரிய உபகாரம்.

காகிதம் தெரியாதவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மறுபடி போய் உட்காருவது. பெரியப்பாவின் சேக்காளி இப்போதும் சில சாயங்காலங்களில் திண்ணைக்கு வருகிறார். பேப்பரை விரித்துப் பெரியம்மாவுக்குச் செய்தி வாசித்துவிட்டுப் போகிறார். முதல் தீபாவளிக்கு அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. அக்கம்பக்கத்திலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன. கொண்டுவந்தவர்கள் யாரும் புதிதாக ஆறுதல் சொல்லவில்லை. பெரியப்பாவைப் பற்றிப் பேசினார்கள், சிரித்தார்கள். அவர் பெயரை எடுத்தால் வீட்டார் மனம் நோகும் என்று தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பெயரை யாரும் எடுக்காமல் போவதுதான் நோகச் செய்கிறது.

நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். அடுத்தமுறை அப்படி ஒரு வீட்டுக்குப் புறப்படும்போது மாலை வாங்க நேரமில்லை என்று தவிக்க வேண்டாம். இறந்தவர் செய்த ஒரு காரியத்தை நினைத்துக்கொண்டு போங்கள், அங்கே கண்ணில் படும் ஒரு வேலையைச் செய்யுங்கள், திரும்பி வந்ததும் பதினாறு கழிந்த ஒரு நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த நாளில் தவறாமல் மறுபடியும் போங்கள்.